பதிலாள் காட்டும் பட்டியல்

வேண்டிய பொருளை நாமே நேரிற் சென்று வாங்கி வருவது ஒரு முறை. நம்பிக்கையான ஒருவரை அனுப்பி வாங்குவிப்பது மற்றொரு முறை. பின்னைய முறையில் வசதி உண்டு, சங்கடமும் உண்டு. சென்றவர் கடைக்காரர் கூறியதைச் சரியாக விளங்கிக்கொள்ளாவிடின், அவர் கொண்டுவருவது நாம் கேட்டதாக இராது. கணினி உலகிலும் இவ்வாறு பிறர்பொருட்டுச் சென்று வரும் ஏவலாள் ஒருவன் உளன். ‘பதிலாள் சேவையகம்’ என்பது அவனுக்கு வழங்கும் பெயர். பாடசாலை, பல்கலைக்கழகம், கந்தோர் முதலிய இடங்களிற் கணினிகள் பல இருப்பினும், அவை யாவும் இணையத்துக்கு நேரே செல்லாது இப்பதிலாளின் வழியாகவே செல்லுமாறு அமைத்தல் பெருவழக்கு.

இப்பதிலாளின் வழியாக ‘எப்.ரி.பி.’ எனப்படும் கோப்புக் களஞ்சியம் ஒன்றைத் திறக்க முயன்ற மாணவர் பலர் இடர்ப்பட்டிருப்பர். சிலருக்கு வெறும் பக்கமே தோன்றும். சிலருக்கு நெடுநேரம் காத்திருந்தபின் பிழைச் செய்தி வரும். வேறு சிலருக்கோ பட்டியல் வரும். ஆயின் அது எழுத்துக்கள் குழம்பி, இணைப்புக்கள் பிறழ்ந்து, எதற்கும் பயன்படாத நிலையில் இருக்கும். இதற்குக் காரணம் யாது? பரிகாரம் யாது? இவற்றையே இவ்வாரம் ஆராய்வோம்.

இது கணினி நிருவாகிகளுக்கு மட்டும் உரிய விஷயமென்று கருதி அன்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உலகத்தார் யாவருக்குமெனத் திறந்து வைக்கப்பட்ட அறிவுக் களஞ்சியம் ஒன்று நம் பிள்ளைகளுக்கு எட்டுவதும் எட்டாமற் போவதும், பதிலாளின் அமைப்பிலுள்ள ஒரு சிறு வரியிலே தங்கியிருக்கக் கூடும்.

களஞ்சியத்தின் வரலாறு

எப்.ரி.பி. என்பது ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குக் கோப்புக்களை அனுப்பும் நெறிமுறை. இதன் முதல் வரைவு 1971ஆம் ஆண்டு ஏப்ரில் 16ஆந் தேதி வெளியாயிற்று. அதனை எழுதியவர் அபய் பூஷண் என்னும் இந்தியர். கான்பூர் இந்தியத் தொழினுட்பக் கழகத்திற் கற்றுத் தேறிய பின் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிலையத்துக்குச் சென்றவர் அவர். இன்று நாம் வலை என வழங்குவது அப்பொழுது பிறக்கவே இல்லை. ஜெனீவாவில் உள்ள சேர்ன் ஆய்வுநிலையத்தில் ரிம் பேர்னர்ஸ்-லீ அதற்கான யோசனையை முன்வைத்தது 1989ஆம் ஆண்டிலேதான். எனவே எப்.ரி.பி. வலைக்கு மூத்தது என்பதை மாணவர் மனங்கொள்ள வேண்டும். அதன் பின்னைய திருத்தமான வடிவத்தை 1985இல் ஜோன் பொஸ்ரெல், ஜொய்ஸ் றெனோல்ட்ஸ் ஆகிய இருவரும் வெளியிட்டனர். 959ஆம் இலக்கத்தைத் தாங்கிய அவ்வேடே இந்நெறிமுறையின் மூல நூலாகக் கொள்ளப்பட்டு வருகிறது.

பல்கலைக்கழகங்களும் ஆய்வுநிலையங்களும் தம்மிடமிருந்த செயல்நிரல்களையும் கட்டுரைகளையும் அளவீடுகளையும் இம்முறையிற் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தன. உள்ளே புகுவோர் தம் பெயரைக் கூற வேண்டியதில்லை. ‘பெயரிலி’ என்னும் பொருள்படும் ‘அனொனிமஸ்’ என்ற சொல்லைப் பெயராகக் கொடுத்தாற் போதும். கடவுச்சொல் கேட்கப்படுமிடத்துத் தம் மின்னஞ்சல் முகவரியை எழுதுவது மரியாதையாகக் கருதப்பட்டது.

இக்களஞ்சியங்களின் உயிர்நிலை பட்டியலே. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை அடைவுப் பட்டியலைப் பார்த்தே அறிதல் வேண்டும். 1990ஆம் ஆண்டில், கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்தில், பார்படோஸ் தீவிற் பிறந்த அலன் எம்ரேஜ் என்னும் மாணவர் ‘ஆர்ச்சி’ என்ற கருவியை உருவாக்கினார். பற்பல களஞ்சியங்களின் பட்டியல்களை ஒருங்கு திரட்டி, அவற்றுள் வேண்டிய கோப்பின் பெயரைத் தேடித்தருவதே அதன் பணி. இணையத்தின் தேடற் கருவிகளுக்கெல்லாம் முன்னோடி என அது போற்றப்படுகிறது. வெறும் பெயர்ப்பட்டியல் எவ்வளவு பயனுடையது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

இரண்டு தொடர்புகள்

வலைப்பக்கம் ஒன்றைப் பெறுவதற்குக் கணினி ஒரு தொடர்பையே ஏற்படுத்தி, அதிலேயே கேள்வியை அனுப்பி, அதிலேயே விடையையும் பெறுகிறது. எப்.ரி.பி. அவ்வாறன்று. அதில் இரண்டு தொடர்புகள் வேண்டும். கட்டளைகள் செல்வதற்கு ஒன்று. கோப்போ பட்டியலோ வருவதற்கு இன்னொன்று. கட்டளைத் தொடர்பு சேவையகத்தின் 21ஆம் இலக்கத் துறையை நாடிச் செல்லும். பொருள் வரும் தொடர்பு ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறக்கப்படும்.

அவ்விரண்டாவது தொடர்பை யார் தொடங்குவது என்பதிலேதான் சிக்கல் எழுகிறது. பழைய முறைப்படி, கேட்பவர் தமது துறை இலக்கத்தைக் கூறிவிட்டுக் காத்திருப்பார். சேவையகம் தனது 20ஆம் துறையிலிருந்து அவரை அழைக்கும். இதனை ‘முனைப்பு முறை’ எனலாம். மற்றைய முறையிற் சேவையகம் ஓர் இலக்கத்தைக் கூறிவிட்டுக் காத்திருக்கும். கேட்பவரே அத்துறைக்குச் சென்று பொருளைப் பெறுவார். இதனை ‘அமைதி முறை’ எனலாம்.

வெளியிலிருந்து அழையாது வரும் தொடர்புகளை உள்ளே விடாது தடுப்பதே தீயரணின் கடமை. ஆதலின், முனைப்பு முறையிற் சேவையகம் அழைக்கும்போது தீயரண் அதனையும் அந்நியனாகக் கொண்டு தடுத்துவிடுகிறது. விளைவு யாது? பெயர் ஏற்கப்படும்; கடவுச்சொல் ஏற்கப்படும்; அடைவுக்குள் நுழையவும் இயலும். பட்டியலைக் கேட்டவுடன் மட்டும் யாவும் நின்றுவிடும். வாயிலைத் திறந்து உள்ளே அழைத்தவர் வாய் திறவாது நிற்பது போன்ற இந்நிலையைக் கண்ட மாணவர் குழம்புவது இயல்பே. 1994ஆம் ஆண்டில் ஸ்டீவன் பெலோவின் என்பார் எழுதிய 1579ஆம் இலக்க ஏடு, இக்காரணத்தால் அமைதி முறையையே கைக்கொள்ளுமாறு பரிந்துரைத்தது.

பட்டியலுக்கு இலக்கணம் இல்லை

தொடர்பு கிடைத்துப் பட்டியலும் வந்துவிட்டதென்று கொள்வோம். இனி ஒரு விந்தையைக் கூறவேண்டும். பட்டியலைக் கேட்பதற்குரிய ‘லிஸ்ட்’ என்னும் கட்டளையை 959ஆம் ஏடு திட்டமாக வகுத்துரைக்கிறது. ஆயின் விடையாக வரும் பட்டியல் எவ்வடிவில் இருத்தல் வேண்டும் என்பதை அது வரையறுக்கவில்லை. அது மனிதர் கண்ணாற் பார்ப்பதற்கென்றே கருதப்பட்டது. இயந்திரம் அதனைப் படித்தறிவது கடினம் என்பதை அவ்வேடே ஒப்புக்கொள்கிறது.

இதனால் ஒவ்வொரு சேவையகமும் தன் வழக்கப்படி பட்டியலை எழுதிற்று. யுனிக்ஸ் வகைக் கணினிகள் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஓர் எழுத்தை இடும். ‘டி’ எனின் அது அடைவு; ‘எல்’ எனின் அது வேறோர் இடத்தைச் சுட்டும் இணைப்பு; சிறு கோடு எனின் சாதாரணக் கோப்பு. அதனை அடுத்து உரிமைகள், உடையவர் பெயர், பருமன், தேதி, ஈற்றிற் கோப்பின் பெயர் என வரும். மைக்ரோசொவ்ற் வகைச் சேவையகங்களோ தேதியை முதலில் எழுதி, அடைவுகளை வேறொரு குறியாற் சுட்டும்.

யுனிக்ஸ் பட்டியலின் தேதியிலும் ஒரு நுட்பம் உண்டு. ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு உட்பட்ட கோப்பாயின் மாதம், நாள், மணி என்பன எழுதப்படும். அதனிலும் பழையதாயின் மணிக்குப் பதிலாக ஆண்டு எழுதப்படும். மனிதருக்கு இது குழப்பம் தருவதில்லை. இயந்திரமோ அந்த இடத்திலுள்ள எண்ணை மணி என்று கொள்வதா, ஆண்டு என்று கொள்வதா எனத் தானே ஆராய்ந்து துணிய வேண்டியிருக்கிறது. கோப்பின் பெயருக்கு நடுவே வெற்றிடம் இருப்பின் சங்கடம் இரட்டிக்கும்.

இக்குறையை நீக்கும்பொருட்டு, இயந்திரமும் ஐயமின்றிப் படிக்கத்தக்க புதியதொரு பட்டியல் முறை 2007ஆம் ஆண்டில் 3659ஆம் இலக்க ஏட்டில் வகுக்கப்பட்டது. ஆயினும் அதற்குள் நெறிமுறைக்கு 36 வயது ஆகிவிட்டது. பழைய வழக்குகள் அதற்குமுன் வேரூன்றிவிட்டன.

மொழிபெயர்க்கும் பதிலாள்

1994ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜெனீவாவில் நடைபெற்ற முதலாவது உலகளாவிய வலை மாநாட்டில், ஆரி லுவோட்டனென், கெவின் ஆல்ற்றிஸ் என்னும் இருவர் பதிலாள் சேவையகங்களைப் பற்றிக் கட்டுரை ஒன்றை அளித்தனர். தீயரணுக்குள் இருக்கும் உலாவி வலையின் மொழியை மட்டும் அறிந்தாற் போதும், எப்.ரி.பி. முதலிய ஏனைய மொழிகளைப் பதிலாளே பேசி, விடையை வலையின் மொழிக்கு மாற்றித் தந்துவிடும் என்பது அவர்கள் விளக்கிய ஏற்பாடு. ஆகவே பதிலாள் இங்கே வெறும் ஏவலாள் அல்லன், துவிபாஷியும் ஆவான். இலக்கணமற்ற பட்டியலைப் படித்து, ஒவ்வொரு பெயரையும் சொடுக்கத்தக்க இணைப்பாக்கி, அழகிய பக்கமாகத் தருவது அவன் கடமை.

1996ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் ‘ஸ்குவிட்’ என்னும் பதிலாளே இத்துறையிற் பெயர்பெற்றது. அதன் முதல்வர் டுவேன் வெசல்ஸ். ஸ்குவிட் என்பது நம் கடற்கரை மக்கள் கணவாய் என வழங்கும் உயிரின் பெயர். இக்கணவாய் ஒவ்வொரு வரியிலும் முதலில் ஆங்கில மாதப் பெயரைத் தேடுகிறது. அதனை அடுத்து நாளும், மணி அல்லது ஆண்டும் இருக்கக் கண்டால், எஞ்சியது கோப்பின் பெயர் எனத் துணிகிறது. எவ்வகையிலும் விளங்காத வரியை மாற்றாது அப்படியே காட்டிவிடுகிறது. தெரியாததைத் தெரிந்ததுபோற் காட்டாத இவ்வியல்பு ஏவலாளுக்கு அழகே.

அமைக்கும் முறை

இனி, பட்டியல் ஒழுங்காகத் தோன்றுவதற்கு நிருவாகி கவனிக்க வேண்டியவற்றை வரிசையாகக் கூறுவோம்.

முதலாவது, துறை. ஸ்குவிட்டின் அமைப்புக் கோப்பில் ‘பாதுகாப்பான துறைகள்’ எனப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் 21 என்னும் இலக்கம் இருத்தல் வேண்டும். இயல்பான அமைப்பில் அது இருக்கும். தேவையில்லை எனக் கருதி யாரேனும் நீக்கியிருந்தால், பதிலாள் கேள்வியை ஏற்கவே மாட்டான்.

இரண்டாவது, அமைதி முறை. இதுவும் ஸ்குவிட்டில் இயல்பாகவே இயங்கும். ஆயினும் பதிலாள் 21ஆம் துறைக்குச் செல்ல அனுமதித்தால் மட்டும் போதாது. சேவையகம் குறிப்பிடும் 1024க்கு மேற்பட்ட எத்துறைக்கும் பதிலாள் சென்றுவரத் தீயரண் இடங்கொடுத்தல் வேண்டும். இந்த இடத்திலேதான் பலர் தவறுகின்றனர். அனுமதியைப் பதிலாள் ஒருவனுக்கு மட்டும் அளித்தாற் போதும். ஏனைய கணினிகளுக்கு வேண்டியதில்லை.

மூன்றாவது, பெயரிலியின் கடவுச்சொல். சில சேவையகங்கள் முறையான மின்னஞ்சல் முகவரியையே எதிர்பார்க்கும். அவற்றுக்காக நிலையத்தின் பொதுமுகவரி ஒன்றை அமைப்பிற் குறித்து வைப்பது நன்று. தனியொருவரின் முகவரியை எழுதுவது தகாது.

நான்காவது, முகவரியின் ஈற்றுச் சாய்கோடு. அடைவின் முகவரிக்கு ஈற்றிற் சாய்கோடு இடவேண்டும். அது இல்லையேல், கேட்கப்பட்டது கோப்பா அடைவா என்பதைப் பதிலாள் ஆராய்ந்தே அறியவேண்டும். பட்டியலிலுள்ள இணைப்புக்களும் ஒரு படி மேலே பிறழ்ந்துபோகலாம். மேலும், முகவரியின் பாதை, உள்ளே புகுந்தவுடன் நாம் நிற்கும் அடைவிலிருந்தே எண்ணப்படும். களஞ்சியத்தின் மூல அடைவிலிருந்து தொடங்க வேண்டுமாயின், சாய்கோட்டையே குறியீடாக, அதாவது விழுக்காட்டுக் குறி, இரண்டு, ‘எப்’ எழுத்து என்பவற்றைச் சேர்த்து எழுதவேண்டும்.

ஐந்தாவது, எழுத்துமுறை. இது தமிழர் நமக்குச் சிறப்பாக வேண்டுவது. அப்பாச்சி சேவையகத்தின் பதிலாட் பகுதி, பட்டியலின் எழுத்துக்கள் மேலை ஐரோப்பிய வரிசையைச் சேர்ந்தவை என்றே இயல்பாகக் கொள்ளும். கோப்புக்களுக்குத் தமிழிற் பெயரிட்டிருந்தால், அவை பொருளற்ற குறிகளாகத் தோன்றும். பட்டியலின் எழுத்துமுறையை யூ.ரி.எப்.-8 என மாற்றிவிட்டால், தமிழ்ப் பெயர்கள் தமிழாகவே தோன்றும். அதற்கென ஓர் அமைப்பு வரி அப்பாச்சியில் உண்டு.

ஆறாவது, பெயரின் நீளம். ஸ்குவிட்டின் பழைய பதிப்புக்கள் 32 எழுத்துக்கு மேற்பட்ட பெயர்களைப் புள்ளியிட்டுச் சுருக்கிக் காட்டும். அகலத்தைக் கூட்டுதற்கு ஓர் அமைப்பு இருந்தது. 3.2ஆம் பதிப்பு முதல் அவ்வரி நீக்கப்பட்டது. பக்கத்தின் தோற்றத்தை இப்பொழுது அலங்காரக் கோப்பின் மூலமே மாற்றவேண்டும். பழைய வழிகாட்டியைப் பார்த்து அவ்வரியை எழுதுவோர் இதனைக் கவனிக்க.

ஏழாவது, சேமித்த பிரதி. பதிலாள் ஒருமுறை கொண்டுவந்ததைத் தன்னிடமே வைத்திருந்து, மறுமுறை கேட்பவர்க்கு அதனையே கொடுப்பது உண்டு. ஸ்குவிட்டின் இயல்பான அமைப்பில் எப்.ரி.பி. முகவரிகளுக்கு 1440 நிமிடம், அதாவது ஒரு நாள், எனக் காலவெல்லை குறிக்கப்பட்டிருக்கும். இன்று சேர்த்த கோப்பு பட்டியலிற் காணப்படாவிடின், நேற்றைய பிரதியைப் பார்க்கிறோமோ என ஐயுறுதல் வேண்டும்.

எச்சரிக்கை இரண்டு

எப்.ரி.பி.யிற் பெயரும் கடவுச்சொல்லும் மூடுதிரை இன்றியே செல்கின்றன. தபாலட்டையில் எழுதிய இரகசியம் போன்றது அது. வழியிலுள்ளோர் யாவரும் படிக்கலாம், பதிலாளும் படிக்கலாம். ஆதலின் பதிலாள் வழியாகப் பெயரிலிக் களஞ்சியங்களையே திறத்தல் வேண்டும். சொந்தக் கடவுச்சொல்லை முகவரியோடு சேர்த்து எழுதும் வழக்கத்தை மாணவர் அறவே தவிர்ப்பாராக.

இரண்டாவது எச்சரிக்கை களஞ்சியம் நடத்துவோருக்கு. பட்டியலைத் திறந்து வைத்தவர், அதிலுள்ள ஒவ்வொரு பெயரையும் உலகுக்கு அறிவித்தவர் ஆகிறார். பரீட்சைப் பெறுபேறோ, நோயாளர் விபரமோ, சம்பளக் கணக்கோ மறதியாக அவ்வடைவிற் கிடக்குமாயின், அதனைத் தேடுவோர் பூட்டை உடைக்க வேண்டியதில்லை. மாதம் ஒருமுறையேனும் அந்நியர்போல் வெளியே நின்று தம் பட்டியலைத் தாமே பார்த்தல் நிருவாகியின் கடனாகும்.

மாறிவிட்ட காலம்

இம்முறை இப்பொழுது அந்திக்காலத்தை அடைந்துள்ளது. டெபியன் திட்டத்தார் தம் பொதுமக்களுக்கான எப்.ரி.பி. சேவைகளை 2017ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் தேதி நிறுத்தினர். லினக்ஸ் கருவின் களஞ்சியமும் அவ்வாண்டிலேயே இவ்வாயிலை மூடிற்று. 2021ஆம் ஆண்டிற் குரோம், பயர்பொக்ஸ் ஆகிய இரு உலாவிகளும் எப்.ரி.பி.யை அடியோடு நீக்கிவிட்டன. இதனால், பதிலாளை எவ்வளவு திருத்தமாக அமைத்தாலும், அவ்வுலாவிகளில் எப்.ரி.பி. முகவரியை எழுதிப் பட்டியலைக் காண இயலாது. உலாவியே அக்கேள்வியைப் பதிலாளிடம் ஒப்புவிப்பதில்லை.

ஆயினும் வழி அடைபட்டுவிடவில்லை. கர்ல், டபிள்யூ-கெற் என்னும் கட்டளைக் கருவிகள் எப்.ரி.பி. முகவரியைப் பதிலாளிடம் ஒப்புவித்து, அவன் ஆக்கித்தரும் பக்கத்தைப் பெற்றுத்தர வல்லவை. அதனினும் சிறந்த வழி ஒன்றும் உண்டு. பழைய களஞ்சியங்கள் பல, அதே கோப்புக்களை மூடுதிரையுள்ள வலை வாயில் வழியாகவும் தருகின்றன. உயிரினங்களின் மரபணு விபரங்களைப் பேணும் அமெரிக்க தேசிய உயிர்த்தொழினுட்பத் தகவல் நிலையத்தின் களஞ்சியம் இதற்கு உதாரணம். அதன் முகவரியின் தொடக்கத்தில் எப்.ரி.பி. என்றிருப்பதை எச்.ரி.ரி.பி.எஸ். என மாற்றினாற் போதும். அதே பட்டியல் உலாவியிலே தோன்றும்.

ஆகவே, பட்டியல் வராது இடர்ப்படும் மாணவர் முதலில் இவ்வலை வாயில் உண்டா எனப் பார்க்க. இல்லையேல், கட்டளைக் கருவியாற் சோதித்து, கேள்வி ஏற்கப்படாமலே போகிறதா, பட்டியலுக்காகக் காத்து நிற்கிறதா, வந்த பட்டியல் குழம்பியிருக்கிறதா என்பதைக் குறித்துக்கொள்க. முதலாவதாயின் துறையிலும், இரண்டாவதாயின் தீயரணிலும், மூன்றாவதாயின் எழுத்துமுறையிலோ பட்டியலின் வடிவிலோ பிழை இருத்தல் கூடும். இவ்வாறு குறித்துக்கொண்டு நிருவாகியிடம் செல்பவருக்குப் பரிகாரம் விரைவிற் கிட்டும். ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் கூறுபவர் பலநாள் காத்திருக்க நேரிடும்.

நிருவாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பழையது என்பதற்காக 21ஆம் துறையை ஒரே நாளில் அடைத்துவிடுமுன், அதனைப் பயன்படுத்துவோர் நிலையத்தில் உளரா எனக் கேட்டறிக. வானிலை அளவீடுகளையோ மரபணுத் தொகுதிகளையோ இவ்வழியாற் பெற்று ஆய்வு நடத்தும் மாணவர் ஒருவர் இருக்கலாம். அவருக்கு மாற்று வழியைக் காட்டிய பின்னர் வாயிலை அடைப்பதே முறையாகும்.